கேள்வி - பதில்: ஆளுக்கொரு பிராஞ்ச் வேணுமா?

கேள்வி: அக்கா, நாங்கள் ஏழு பேர். நாலு பேர் பம்பலப்பிட்டி ஒஃபிஸில, மூண்டு பேர் யாழ்ப்பாணத்தில வீட்டில இருந்து வேலை செய்யினம். சிட்னியில இருக்கிற கிளையண்டுக்கு ஒரு வெப் அப்ளிகேஷன். கோட் மாத்திறதைப் பதிஞ்சு வைக்கிற கிட்டில மெயின், டெவலப், யூஏடி (கிளையண்ட் சோதிச்சுப் பாக்கிறது), ரிலீஸ், ஹொட்ஃபிக்ஸ் (அவசரத் திருத்தம்) எண்டு அஞ்சு பிராஞ்ச், அதாவது கோட்டின்ர தனித்தனிப் பாதை, இருக்கு, அதுக்கு மேல ஒவ்வொருத்தருக்கும் அவரவர் பேரில ஒண்டு. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வியாழக்கிழமை எல்லாத்தையும் டெவலப்புக்கு மெர்ஜ் பண்ணுறம் (ஒண்டாச் சேர்க்கிறம்), அண்டைக்கு முழுநாளும் கொன்ஃப்ளிக்ட் (ஒரே வரியை ரெண்டு பேர் வேற வேற மாதிரி மாத்தி முட்டுறது) தான். டெவலப்பில இருந்து ரிலீஸ் பிராஞ்ச் வெட்டி அதையே நேர சேர்வருக்குப் போடுறது எங்கட வழக்கம். போன மாசம் மெயினில அவசரமா திருத்தின பிழை ஒண்டு அடுத்த ரிலீஸோட திரும்பி வந்திட்டுது, கிளையண்டுக்கு சரியான கோவம். மனேஜர் இன்டகிரேஷன் எண்டு இன்னொரு பிராஞ்ச் திறப்பம் எண்டுறார். சரிவருமா?
— டீம் லீட் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: சரிவராது தம்பி. ஆறாவதா ஒண்டு திறந்தா மெர்ஜ் பண்ண வேண்டிய இடம் ஒண்டு கூடும், அவ்வளவுதான்.

முதல்ல அந்தத் திரும்பி வந்த பிழையைப் பாப்பம். ஏழு பேரையும் ஒரு ஸ்கிரீனுக்கு முன்னால இருத்தி (யாழ்ப்பாணத்துப் பெடியள் கோலில வரட்டும்) கிட் பிராஞ்ச் எண்டு அடிச்சு, ரெண்டு கோடு போட்டு கொன்டெய்ன்ஸ் எண்டு எழுதி, அந்தத் திருத்தத்தின்ர கொமிட் (கிட்டில பதிஞ்ச ஒரு மாற்றம்) ஐடியில முதல் ஏழு எழுத்தைப் போடுங்கோ. அந்தக் கொமிட் எந்தெந்த பிராஞ்சில இருக்கெண்டு கிட் சொல்லும். நீங்கள் எழுதினதை வச்சுப் பாத்தா மெயின் எண்டு மட்டும்தான் வரும், டெவலப் வராது. டெவலப்பில இல்லாத திருத்தம் அதில இருந்து வெட்டின ரிலீஸிலயும் இருக்காது, அதைத்தான் நீங்கள் சேர்வருக்குப் போட்டீங்கள். ஒருத்தரும் கவனக்குறைவா இருந்ததால வந்ததில்லை இது, ஒரு திருத்தத்தை ரெண்டு இடத்தில ஞாபகமா போட வேணும் எண்டு வச்சிருக்கிற முறையால வந்தது. வேலை கூடின நாளில ரெண்டாவது இடம் மறந்துதான் போகும்.

உங்கட அஞ்சு பிராஞ்ச் எங்கயிருந்து வந்ததெண்டு எனக்குத் தெரியும். வின்சென்ட் ட்ரீசன் 2010 ஜனவரியில எழுதின கிட் ஃபுளோ, அதோட யூஏடியைச் சேர்த்திருக்கிறீங்கள். நல்ல முறைதான், ஆனா வேர்ஷன் நம்பர் போட்டு வெளியிடுற, பழைய வேர்ஷனையும் பாத்துக்கொள்ள வேண்டிய சொஃப்ட்வெயாருக்குப் பொருந்துறது. 2020இல அவரே தன்ர கட்டுரைக்கு மேல ஒரு குறிப்புப் போட்டார், தொடர்ச்சியா டிப்ளோய் பண்ணுற (சேர்வருக்குப் போடுற) வெப் அப் செய்யுற டீம் எண்டா இதைவிட எளிமையானதை எடுங்கோ எண்டு. உங்களுக்கு சேர்வரில ஓடுறது ஒரே ஒரு வேர்ஷன். அப்ப மெயின் ஒண்டு போதும்.

கிட்டில பிராஞ்ச் எண்டுறது ஒரு கொமிட்டின்ர 40 எழுத்து ஐடியை எழுதி வச்ச ஒரு சின்னக் குறிப்பு, அதைத் திறக்க ஒரு செலவும் இல்லை, அதாலதான் ஆக்கள் யோசிக்காம திறக்கினம், செலவு முழுக்க மெர்ஜிலதான் வரும், அதுவும் பிரிஞ்சு எத்தினை நாள் இருந்ததெண்டதைப் பொறுத்துக் கூடும். கொன்ஃப்ளிக்ட் எண்டு கண்ணுக்குத் தெரியுறது பரவாயில்லை தம்பி. ஒருத்தர் ஃபங்ஷன் ஒண்டின்ர பேரை மாத்தியிருப்பார், மற்றவர் பழைய பேரிலயே அதை நாலு இடத்தில புதுசா கூப்பிட்டிருப்பார், ரெண்டும் வேற வேற ஃபைல், கிட் ஒண்டும் சொல்லாம மெர்ஜ் பண்ணிவிடும், ஓடவிட்டாத்தான் விழும். ரெண்டு நாள் வயசுள்ள பிராஞ்சில அது நடந்தா பத்து நிமிசத்தில பிடிக்கலாம். ரெண்டு கிழமை போனா எங்க தேடுறது?

ஆக்களின்ர பேரில பிராஞ்ச் வைக்கிறதை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. ஒரு ஆளின்ர பிராஞ்சில மூண்டு வேலை கலந்து கிடக்கும், ஒண்டு முடிஞ்சாலும் மற்ற ரெண்டும் முடியுமட்டும் அதுவும் காத்திருக்க வேணும். டிக்கெட் நம்பரில திறவுங்கோ, மெயினில இருந்து வெட்டுங்கோ, ஒண்டு ரெண்டு நாளுக்குள்ள புல் ரிக்குவெஸ்ட் (இதைப் பாத்து மெயினில சேருங்கோ எண்டு கேக்கிறது) போட்டு ஒருத்தர் பாத்து டெஸ்ட் ஓடி மெர்ஜ் ஆக வேணும், ஆனதும் அழிச்சிடுங்கோ. மெயினுக்கு நேர புஷ் பண்ண ஏலாதபடி பூட்டி வையுங்கோ. யூஏடி எண்டுறது ஒரு இடம், பிராஞ்ச் இல்லை: மெயினில இருக்கிற கொமிட்டை அங்க போட்டுக் காட்டுங்கோ, கிளையண்ட் ஓம் எண்டதும் அதே கொமிட்டுக்கு டேக் (பேர்ச்சீட்டு) போட்டு புரொடக்‌ஷனுக்கு அனுப்புங்கோ. காலமை ஒன்பது மணிக்கு அனுப்பினா சிட்னியில பகல் ஒண்டரை, கோடை நேரமெண்டா ரெண்டரை, ஒரு பிழை வந்தாலும் அவங்களும் முழிப்பு நீங்களும் முழிப்பு. அவசரத் திருத்தமும் இதே வழியாலதான் போக வேணும், அதுக்கெண்டு தனிப் பாதை வேண்டாம்.

அரைகுறை வேலையை எப்பிடி மெயினில போடுறதெண்டு கேப்பீங்கள். எனக்கு அது விளங்கின நாளைச் சொல்லுறன். 2024 ஜனவரி 1இல வற் வரி 15 வீதத்தில இருந்து 18 ஆகினது ஞாபகம் இருக்குந்தானே, நான் அப்ப கடையளுக்கான பில்லிங் சிஸ்டம் ஒண்டில வேலை. வற்றுக்கெண்டு தனி பிராஞ்ச் ஒண்டை ஆறு கிழமை வச்சிருந்தம். டிசம்பர் 31 இரவுதான் மெர்ஜ் பண்ணினம். இடையில ஒரு பிள்ளை மெயினில தள்ளுபடி போடுற ஒழுங்கை மாத்தியிருந்தவ, மெர்ஜ் சத்தமில்லாம முடிஞ்சுது, புதுவருசத்தண்டு காலமை பில் பாத்தா தள்ளுபடிக்கு முதலே வற் கூட்டுப்பட்டிருக்கு. கடைக்காரர் ஒவ்வொருத்தரா கோல் எடுக்கினம். அந்தப் பிள்ளை தன்னில பிழையெண்டு அழுதவ, அவவில ஒரு பிழையும் இல்லை. வீதமும் அது தொடங்குற திகதியும் உள்ள ஒரு சின்ன டேபிளை டிசம்பர் தொடக்கத்திலயே மெயினில போட்டிருந்தா, 18 தன்ர நாள் வருமட்டும் பேசாம இருந்திருக்கும், தள்ளுபடியை மாத்தின அண்டைக்கே டெஸ்ட் விழுந்திருக்கும். ஃபீச்சர் ஃபிளாக் எண்டுறதும் இதுதான், கோட் உள்ளுக்க இருக்கும், பாவனைக்குத் திறக்கிறதை நீங்கள் பிறகு முடிவெடுக்கிறது. வேலை முடிஞ்சு ரெண்டு கிழமையில அந்த ஃபிளாக்கைக் கழட்டவும் ஒரு டிக்கெட் போட்டு வையுங்கோ.

மாத்திறதெண்டா ஒரு ரிலீஸ் முடிஞ்ச அடுத்த நாள் மாத்துங்கோ. டெவலப்பை மெயினுக்கு ஒருக்கா முழுசா மெர்ஜ் பண்ணி, கொன்டெய்ன்ஸ் அடிச்சுச் சரிபாத்து, டெவலப்பைப் பூட்டுங்கோ. முதல் கிழமை எல்லாருக்கும் பயமா இருக்கும், மனேஜருக்குக் கூட.

கேள்வி: அக்கா, நாங்கள் செய்யுறது மொபைல் அப், ஆக்களின்ர ஃபோனில பழைய வேர்ஷனும் கிடக்கும். எங்களுக்கும் மெயின் மட்டும் போதுமா?
— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: உங்களுக்கு ரிலீஸ் பிராஞ்ச் தேவை. ஸ்டோருக்கு அனுப்பினதை ரிவியூ பண்ணி விடும் வரைக்கும் மெயின் நிக்காம ஓட வேணும். திருத்தத்தை முதல்ல மெயினில போடுங்கோ, பிறகு செரி-பிக் பண்ணி (அந்த ஒரு கொமிட்டை மட்டும் தெரிஞ்செடுத்து) ரிலீஸுக்கு எடுங்கோ. மாறிச் செய்தா மேல தம்பிக்கு நடந்ததுதான் உங்களுக்கும்.

கேள்வி: ஸ்குவாஷ் மெர்ஜ் பண்ணின பிறகு என்ர பிராஞ்சை அழிக்கப் போனா கிட் இது முழுசா மெர்ஜ் ஆகேல்ல எண்டு மறிக்குது. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம்தான், கேக்கப் பயமா இருக்கு அக்கா.
— தெஹிவளை வாசகி

பதில்: பயப்பிடாதீங்கோ தங்கச்சி. ஸ்குவாஷ் உங்கட கொமிட் எல்லாத்தையும் ஒண்டாக்கி மெயினில புது ஐடியோட வைக்குது, கிட் பழைய ஐடியளைத் தேடிக் காணேல்ல எண்டு சொல்லுது. புல் ரிக்குவெஸ்ட் மெர்ஜ் ஆனதை ஒருக்கா கண்ணால பாத்திட்டு கிட் பிராஞ்ச் எண்டு அடிச்சு ஒரு கோடும் பெரிய டியும் (-D) போட்டு அழியுங்கோ. தவறி வேறதை அழிச்சாலும் கிட் ரீஃப்ளொக் எண்டு அடிச்சா, நீங்கள் உங்கட லெப்டொப்பில நிண்டு வேலை செய்த கொமிட்டெல்லாம் வரிசையா வரும். கிட்டின்ர வழமையான செட்டிங்கில அப்பிடி அநாதையான கொமிட் 30 நாளைக்காவது அதில இருக்கும், அந்த ஐடியில புது பிராஞ்ச் ஒண்டு திறந்தா வேலை அப்பிடியே திரும்பக் கிடைக்கும்.