எழுபது பிஎஸ்ஐ இருந்தும் பவர் இல்லையே! காம்பவுண்ட் டர்போ டீசல்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி அமெரிக்க டீசல் பிக்கப்களைப் பற்றியவை. அதிலும் ராம் வண்டிகளில் 2007 வரை வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜின்தான் அதிகம். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

2006 ராம் 2500. இருந்த டர்போவுக்கு (புகையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அமுக்கும் கருவி) முன்னால் பெரிதாக ஒன்றைச் சேர்த்து, ஒன்று அமுக்கிய காற்றை மற்றது மேலும் அமுக்கும் காம்பவுண்ட் ஆக்கினேன். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் மாற்றியாயிற்று. பூஸ்ட் மீட்டர் 70 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 70 பவுண்டு அழுத்தம்) காட்டுகிறது. பவரை அளக்கும் டைனோவிலோ சக்கரத்தில் 540 குதிரைத்திறன்தான் வருகிறது. மீதி எங்கே போகிறது? (டாலஸ் வாசகர்)

பூஸ்ட் மீட்டரை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போனது என்பது அதற்குத் தெரியாது. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டில் காற்று எவ்வளவு முட்டிக்கொண்டு நிற்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். காற்று சூடானாலும் முள் ஏறும், வெளியேற வழியில்லாமல் தேங்கினாலும் ஏறும்.

உங்கள் வண்டிக்கு இன்னும் இரண்டு மீட்டர் வேண்டும். ஒன்று, இரண்டு டர்போவுக்கும் நடுவில் உள்ள குழாயில். காம்பவுண்டில் இரண்டு டர்போவின் அழுத்தமும் கூட்டல் கணக்காக வராது, பெருக்கல் கணக்காகத்தான் வரும். கடல் மட்டத்தில் வெளிக்காற்று 14.7 பிஎஸ்ஐ. மீட்டரில் 70 என்றால் உண்மையில் 84.7, அதாவது வெளிக்காற்றைப் போல 5.76 மடங்கு. நடுக்குழாயில் 25 பிஎஸ்ஐ இருந்தால் பெரிய டர்போ 2.7 மடங்கும் சின்னது 2.1 மடங்கும் அமுக்குகின்றன. வேலைப் பங்கீடு நியாயமாக இருக்கிறது. நடுக்குழாயில் 12தான் என்றால் பெரியது 1.8 மடங்கோடு நின்றுவிடுகிறது, சின்னது 3.2 மடங்கு இழுக்க வேண்டியிருக்கிறது. அண்ணன் சும்மா உட்கார்ந்திருக்க, தம்பி மூட்டை சுமக்கிற கதை. அந்த நிலையில் சின்ன டர்போ காற்றை அமுக்குவதைவிடச் சுடவைப்பதுதான் அதிகம்.

இரண்டாவது மீட்டர் டிரைவ் பிரஷருக்கு, அதாவது டர்போவைச் சுழற்றும் புகையின் அழுத்தத்துக்கு. எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் துளையிட்டு, கொஞ்சம் நீளமான செம்புக் குழாய் வழியாக எடுங்கள். நேராக மாட்டினால் சூட்டில் மீட்டர் போய்விடும். பூஸ்ட் 70 இருக்கும்போது டிரைவ் பிரஷர் 75, 80 என்றால் கவலை வேண்டாம். 110 காட்டினால் உங்கள் காணாமல்போன பவர் அங்கேதான் இருக்கிறது. பிஸ்டன் சக்கரத்தைச் சுற்றுவதை விட்டுவிட்டுப் புகையை வெளியே தள்ளப் போராடிக்கொண்டிருக்கிறது. சின்ன டர்போவின் வேஸ்ட்கேட்டை (மிஞ்சிய புகையை டர்போவைச் சுற்றி வெளியே விடும் கதவு) பெரிதாக்குங்கள், அல்லது டர்பைன் ஹவுசிங்கை (புகை சுழற்றும் சக்கரத்தின் கூடு) ஒரு அளவு கூட்டுங்கள். பூஸ்ட் 70இலிருந்து 60க்கு இறங்கும், பவர் ஏறும். முதல் தடவை பார்க்கும்போது நம்ப முடியாது.

இந்த இரண்டு எண்களும் சரியாக வரும்வரை டியூனிங் ஃபைலில் (இன்ஜின் கணினிக்கு ஏற்றும் கட்டளைத் தொகுப்பு) கை வைக்காதீர்கள்.

இரண்டு டர்போ எதற்கு? ஒரே பெரிய டர்போ போட்டால் போதாதா? (கோவை, இயந்திரவியல் மாணவர்)

நல்ல கேள்வி. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இலக்கு 1,000 குதிரைத்திறன் என்று வையுங்கள். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.18 கிலோ டீசல். ஆக மணிக்கு 180 கிலோ, நிமிடத்துக்கு 3 கிலோ. புகை கட்டுக்குள் இருக்க டீசலைப் போல 18 மடங்காவது காற்று வேண்டும். நிமிடத்துக்கு 54 கிலோ!

இப்போது இன்ஜின் தானாக எவ்வளவு உறிஞ்சும் என்று பார்ப்போம். 5.9 லிட்டர், 3,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 3,000 சுற்று). ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் முழுதாக நிரம்பும். 1,500 முறை 5.9 லிட்டர் என்றால் 8,850 லிட்டர். எடையில் பத்தரை கிலோ சொச்சம். தேவை இதைப் போல ஐந்து மடங்கு. அமுக்கிய காற்று சூடாவதையும் சிலிண்டர் முழுதாக நிரம்பாததையும் சேர்த்தால், ஆறு மடங்குக்கு மேல் அமுக்கியாக வேண்டும். ஒற்றை டர்போ நான்கு மடங்கைத் தாண்டினாலே திணறும். போதாக்குறைக்கு, அவ்வளவு பெரிய டர்போ கீழ் ஆர்பிஎம்மில் தூங்கிக்கொண்டிருக்கும். சின்னது எழுந்து புகையைத் தள்ளினால்தான் பெரியதும் விழிக்கும்.

ஃபோர்டு 2008 முதல் 2010 வரை விற்ற 6.4 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கில் தொழிற்சாலையிலிருந்தே இரண்டு டர்போ வந்தது. ஆக இது பந்தயக்காரர்களின் கிறுக்கு மட்டும் இல்லை.

ஒரே வண்டி, ஒரே ஃபைல். ஒரு கடை டைனோவில் 620 குதிரைத்திறன், இன்னொரு கடையில் 565. யார் சொல்வது பொய்?

இரண்டு பேருமே பொய் சொல்லாமல் இருக்கலாம். இனர்ஷியா டைனோவில் கனமான உருளையை எவ்வளவு வேகமாகச் சுழற்றினீர்கள் என்பதை வைத்துக் கணக்குப் போடுவார்கள். லோடு டைனோவில் மின்காந்தத்தால் உருளையைப் பிடித்து நிறுத்தி, வண்டியை உழைக்கவைப்பார்கள். காம்பவுண்ட் டர்போவுக்கு லோடு இருந்தால்தான் பூஸ்ட் முழுதாகக் கட்டும். எனவே டியூனிங்குக்கு நான் லோடு டைனோவைத்தான் சொல்வேன். பெருமைக்கு எதுவும் சரி.

அப்புறம், டைனோ தாளின் மூலையில் பொடி எழுத்தில் 'எஸ்ஏஇ' என்று இருக்கிறதா, 'எஸ்டிடி' என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டும் அன்றைய காற்றுக்கு ஏற்ப எண்ணைத் திருத்தும் முறைகள். எஸ்ஏஇ ஜே1349 கணக்கு 25 டிகிரி செல்சியஸ், 99 கிலோபாஸ்கல் உலர்காற்றை அடிப்படையாக வைக்கிறது. எஸ்டிடி குளிர்ந்த, அடர்ந்த காற்றை வைப்பதால் அதே ஓட்டத்துக்குச் சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். டென்வர் போல 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் என்றால் இன்னும் வேடிக்கை. மெல்லிய காற்றை டர்போ வேகமாகச் சுற்றிப் பெருமளவு ஈடுகட்டிவிடும், அதற்கு மேல் டைனோவின் கணினியும் தன் பங்குக்கு ஈடுகட்டி எண்ணை ஊதிவிடும். திருத்தாத எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன சோதனை: பவுண்டு-அடியில் உள்ள டார்க்கை (சுழற்றும் விசை) ஆர்பிஎம்மால் பெருக்கி 5,252ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வர வேண்டும். உங்கள் டீசல் 5,252 ஆர்பிஎம்முக்குப் போகப்போவதில்லை. ஆகவே இரண்டும் ஒரே அளவுகோலில் வரைந்த தாளில் டார்க் கோடு எப்போதும் மேலேதான் இருக்கும். கோடுகள் 2,800இல் குறுக்கே வெட்டினால் ஆர்பிஎம் சிக்னலே தப்பு.

டைனோ தாளில் பவர் கோடு 2,400 ஆர்பிஎம்மில் தொய்கிறது, ஆனால் ஆர்பிஎம் ஏறிக்கொண்டே போகிறது. டியூனில் கோளாறா?

டியூனரைத் திட்டும் முன் டார்க் கன்வெர்ட்டரை (இன்ஜினையும் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியையும் இணைக்கும் பகுதி) பாருங்கள். லாக் ஆன பிறகு இன்ஜின் வேகமும் உருளை வேகமும் ஒரே விகிதத்தில் ஏற வேண்டும். 2,400இல் இரண்டும் பிரிந்தால் உள்ளே கிளட்ச் வழுக்குகிறது. இந்த ராம் வண்டிகளின் 48ஆர்இ கியர் பெட்டியில் டைனோ ஓட்டம் மூன்றாவது கியரில், அதுதான் ஒன்றுக்கு ஒன்று. ஓவர்டிரைவில் ஓட்டாதீர்கள்.

ரயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயின் அழுத்தம்) 23,000 பிஎஸ்ஐயில் தொடங்கி, ஓட்டம் முடிவதற்குள் 15,000க்கு விழுகிறது. அந்த அழுத்தத்தைத் தரும் சிபி3 பம்பு இரண்டாவதாக ஒன்று வாங்கட்டுமா?

பொறுங்கள், அது காசு பிடித்த விஷயம். முதலில் சிபி3க்கு டீசல் ஒழுங்காக வருகிறதா என்று டாங்கிலிருந்து டீசலைக் கொண்டுவரும் லிஃப்ட் பம்பின் அழுத்தத்தை ஓட்டத்தின் நடுவில் பாருங்கள், நிற்கும்போது பார்த்துப் பயனில்லை. அடுத்து இன்ஜெக்டர் ரிட்டர்ன், அதாவது தெளிக்காமல் திரும்பிப் போகும் டீசல், எவ்வளவு என்று அளந்து பாருங்கள். தேய்ந்த ஒரு இன்ஜெக்டர் போதும், பம்பு தருவதையெல்லாம் டாங்குக்கே திருப்பி அனுப்பிவிடும். ரயிலில் உள்ள ரிலீஃப் வால்வு கசியலாம். சிலர் அதற்குள் வாஷர் வைத்து இறுக்குவார்கள், அந்த வேலை வேண்டாம். இத்தனையும் சரியாக இருந்தும் அழுத்தம் விழுந்தால் பம்பைப் பற்றிப் பேசலாம்.

அழுத்தம் விழும்போது டியூனர்கள் செய்யும் குறுக்கு வழி, இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்துவைப்பது. 3,000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு டிகிரி சுற்ற 55.6 மைக்ரோ விநாடி ஆகிறது. 2,200 மைக்ரோ விநாடி திறந்துவைத்தால் கிட்டத்தட்ட 40 டிகிரி. பிஸ்டன் மேல்முனைக்கு வருவதற்கு 20 டிகிரி முன்னால் தொடங்கினாலும், தெளித்து முடிவதற்குள் மேல்முனையை 20 டிகிரி தாண்டிவிடும். பிஸ்டன் இறங்கிப் போன பிறகு தெளிக்கிற டீசல் அதைத் தள்ளாது, டர்பைனைத்தான் சுடும். கரும்புகையும் அங்கிருந்துதான் வருகிறது. சின்ன இன்ஜெக்டரை நீளமாகத் திறப்பதைவிட, பெரிய இன்ஜெக்டரைக் குறைந்த நேரம் திறப்பது மேல். ஆனால் அதற்கும் பம்பு ஈடு கொடுக்க வேண்டும்.

டீசல் தெளிக்கத் தொடங்கும் டைமிங் எத்தனை டிகிரி வைக்கலாம்? சிலிண்டர் ஹெட்டைப் பிடிக்கும் போல்ட் கம்பெனி போல்ட்தான்.

எண் சொல்ல மாட்டேன். கம்பெனி போல்ட் என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். டைமிங்கை முன்னே தள்ளினால் எக்சாஸ்ட் சூடு குறையும், பவர் ஏறும், எல்லாம் இனிப்பாகத்தான் தெரியும். குறைந்த சூடு எங்கும் காணாமல் போகவில்லை, சிலிண்டருக்குள் அழுத்தமாக உட்கார்ந்திருக்கிறது. அந்த அழுத்தம் தூக்கிப் பார்ப்பது ஹெட்டைத்தான். முதலில் போல்ட்டுக்குப் பதிலாக நல்ல ஸ்டட் போட்டு முறையாக முறுக்குங்கள். அதன் பிறகு ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். ஏற்றியும் பவர் கூடவில்லையென்றால் ஒரு படி பின்னால் வந்து நின்றுவிடுங்கள்.

எக்சாஸ்ட் சூடு 1,600 டிகிரி ஃபாரன்ஹீட் வரை போகிறது. பயப்படவா?

டைனோவில் பத்துப் பதினைந்து விநாடி என்றால் தாங்கும். அதே சூட்டோடு டிரெய்லர் இழுத்து மலை ஏறினால் பிஸ்டன் உருகும். சென்சார் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். சின்ன டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டில் இருக்க வேண்டும். டர்போவுக்குப் பின்னால் வைத்துவிட்டு "என் வண்டி குளிர்ச்சி" என்பவர்கள் உண்டு.

நைட்ரஸ் (கூடுதல் ஆக்சிஜனுக்காக இன்ஜினுக்குள் செலுத்தும் வாயு) அடிக்கலாமா?

அமெரிக்காவில் நடக்கும் அல்டிமேட் கால்அவுட் சேலஞ்ச் போன்ற போட்டிகளில் 2,000 குதிரைத்திறனைத் தாண்டும் வண்டிகள் அதை அடிக்கின்றன. அவற்றின் பிளாக்கும் ராடும் வேறு. முதல் கேள்வியில் வந்தது போன்ற 540ஐ முதலில் நேர்மையாக 650 ஆக்குங்கள், பேசுவோம்.

டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி), இஜிஆர் (புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பும் அமைப்பு) எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் பவர் கூடும் என்கிறார்களே?

சாலையில் ஓடும் வண்டியில் அவற்றைக் கழற்றுவது அமெரிக்கச் சுத்தக் காற்றுச் சட்டத்துக்கு விரோதம். பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேலான டீசல் பிக்கப்களில் கழற்றியிருக்கிறார்கள் என்று அந்நாட்டின் சுற்றுச்சூழல் அமைப்பு 2020இல் மதிப்பிட்டது. அப்படிச் செய்து தந்த கடைகள் மீது வழக்கும் அபராதமும் பாய்ந்திருக்கின்றன. இதில் உதவ மாட்டேன்.

நம்ம ஊர் டாடா லாரியிலும் கம்மின்ஸ் 5.9 தானே? (நாமக்கல்)

பழைய லாரிகளில் ஆமாம், ஜாம்ஷெட்பூரில் தயாரான 6பிடி, அதே கம்மின்ஸ் குடும்பம்தான். இரும்பு அதே இரும்பு. ஆனால் லாரிக்கு வேண்டியது டன் கணக்கில் பாரமும் லிட்டருக்குக் கிலோமீட்டரும். டைனோ தாள் டீசல் காசு கட்டாது. வால்வு இடைவெளியும் நாசிலும் சரியாக இருந்தாலே அந்த இன்ஜின் உங்களுக்கு மேல் உழைக்கும்.

டைனோ நாளன்று எதைக் கவனிக்க வேண்டும்?

குழாய் கிளாம்ப்களை. 60 பிஎஸ்ஐக்கு மேல் இன்டர்கூலர் பூட் (அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் கருவியின் குழாய் இணைப்பு) கழன்றால் துப்பாக்கி வெடித்தது போல இருக்கும். ஒரு முறை என் முகத்துக்கு முன்னாலேயே கழன்றது. தப்பு என்னுடையதுதான், குழாயில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துடைக்காமல் மாட்டியிருந்தேன். காற்று போய்விட்டது, டீசல் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது. கூடாரம் முழுக்கக் கருப்பு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க எனக்கு மூன்று விநாடி ஆனது, அதற்குள் பைரோமீட்டர் (எக்சாஸ்ட் சூட்டைக் காட்டும் மீட்டர்) அதுவரை பார்க்காத இடத்துக்குப் போய்விட்டது.

அப்புறம் ஏர் ஷட்ஆஃப். டர்போ சீல் போய் எண்ணெய் இன்ஜினுக்குள் இறங்கினால், டீசல் இன்ஜின் அந்த எண்ணெயைக் குடித்தே ஓடும். சாவியை அணைத்தாலும் நிற்காது, காற்றை அடைத்தால்தான் நிற்கும். இழுக்கிற கயிறு ஓட்டுபவர் கைக்கு எட்டுகிறதா என்று பெல்ட் போட்டு உட்கார்ந்த பிறகு ஒரு தடவை இழுத்துப் பாருங்கள்.