மானிடவியல் படித்தால் டீச்சர் ஆக முடியுமா?

கோத்தகிரியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

மகளுக்கு டீச்சர் வேலைமேல் ஆசை, ஆனால் மானிடவியலும் (மனிதக் கூட்டங்களின் வாழ்க்கையையும் வழக்கங்களையும் ஆராயும் படிப்பு) படிக்க வேண்டுமாம். இரண்டும் ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒத்துவரும். எதை முதலில் படிப்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

நம் அரசுப் பள்ளிகளில் மானிடவியல் என்று தனிப்பாடம் கிடையாது. இளங்கலையில் அதை மட்டும் எடுத்தால் பி.எட். சேரும்போது சிக்கல் வரலாம். முதலில் தமிழோ வரலாறோ முடிக்கட்டும். அப்புறம் 2 வருட பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வு. மானிடவியலை முதுகலையில் வைத்துக்கொள்ளலாம். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் அதற்குத் துறை உண்டு. வேறு பட்டதாரிகளைச் சேர்ப்பது பற்றி அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இந்தப் படிப்பு டீச்சருக்கு எதற்கு? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் மகள் ஆறு மாதம் வாயே திறக்கவில்லை, டீச்சர் 'மந்தம்' என்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் படுகர்களின் மொழியான படுகு, பள்ளியில் தமிழ். குழந்தைக்குப் புரியவில்லை என்பது அந்த டீச்சருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கூடலூர்ப் பக்கம் பணியர் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் இதே கதை. அவர்கள் வீட்டு மொழி மலையாளத்துக்குத்தான் நெருக்கம். தோடர், கோத்தர், இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் என்று ஒவ்வொருவருக்கும் தனிப் பேச்சு, தனி வழக்கம் இருக்கிற நீலகிரி மலை இது. தேயிலைத் தோட்டங்களில் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

மானிடவியலின் உயிர் களப்பணியில் இருக்கிறது. ஆராயும் மக்களின் ஊரில் தங்கி, அவர்களோடு சாப்பிட்டு, கேட்டதை அன்றிரவே குறித்து வைப்பார்கள். தீர்ப்பு சொல்ல அவசரப்பட மாட்டார்கள். பி.எட்.டில் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போகும் வாரங்களில் உங்கள் மகளுக்கு இந்தப் பழக்கம் இருந்தால், வராத பிள்ளையின் பெயருக்கு எதிரே 'ஆப்சென்ட்' போடுவதோடு நிறுத்தாமல் அந்த வீடு வரை நடந்து போய்க் கேட்பாள். என்னைக் கேட்டால், பாடத்திட்டம் எழுதப் பழகுவதைவிட இது பெரிய பயிற்சி. எல்லா பி.எட். கல்லூரியிலும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இந்த விடுமுறையில் ஊட்டி அருகே முத்தோரை பாலாடாவில் இருக்கும் பழங்குடியினர் ஆய்வு மையத்துக்கு மகளைக் கூட்டிப் போங்கள். அருங்காட்சியகம் இருக்கிறது. திரும்பி வந்ததும், பார்த்ததில் எது மனதில் நின்றது என்று அவளையே ஒரு பக்கம் எழுதச் சொல்லி எனக்கு அனுப்புங்கள். அதைப் படித்துவிட்டு எந்தக் கல்லூரி என்று பேசலாம்.