வீட்டுச் சாமான் வாங்குவதிலும் கார் ரிப்பேரிலும் பணத்தை மிச்சம் பிடிப்பது எப்படி?

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியிருக்கிறீர்கள், மளிகைச் செலவும் ஏறிவிட்டது, கஞ்சம் என்று பெயர் எடுக்காமல் எப்படி மிச்சம் பிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதுதான் தனிக்குடித்தனம் வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் ‘கஞ்சம்’ என்ற சொல்லைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் காரைக்குடிப் பக்கம் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். வெளியூரில் செட்டிநாட்டுக்காரர்களான எங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்தச் சொல்லும் கூடவே வந்துவிடும்.

எங்கள் அப்பச்சி, அதாவது அப்பா, ராத்திரி சிட்டை என்கிற அன்றாடக் கணக்கை எழுதாமல் படுக்க மாட்டார்கள். கீரைக்கட்டு வாங்கிய காசு வரைக்கும் அதில் இருக்கும். சிட்டையிலிருந்து இனவாரியாகப் பேரேட்டில் ஏறும், வருஷக் கடைசியில் ஐந்தொகை என்கிற வரவுசெலவு முடிவுக் கணக்கு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போன காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. அதே அப்பச்சிதான் முன்னோருக்குப் படைக்கும் படைப்பு, கல்யாணம் என்றால் இலையில் ஒன்றைக் குறைக்க விட மாட்டார்கள். எதற்கு எவ்வளவு போயிற்று என்று தெரிந்து வைத்திருந்தார்கள். அதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

மளிகையை முதலில் சொல்லிவிடுகிறேன். பாக்கெட்டின் விலையைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். சூரியகாந்தி எண்ணெய் ஒரு லிட்டர் என்றால் சுமார் 910 கிராம் இருக்க வேண்டும். கடையில் அதே அளவுக்குத் தெரியும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் 850 கிராம் என்றோ 800 கிராம் என்றோ பொடி எழுத்தில் இருக்கும். ‘இது ரெண்டு ரூபாய் கம்மி’ என்று எடுத்தால் அது கம்மியே இல்லை. அரிசியும் அப்படித்தான். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. அதற்கப்புறம் 26 கிலோ மூட்டை வர ஆரம்பித்தது. ஒரு கடையில் 25, இன்னொரு கடையில் 26 இருக்கும்போது மூட்டை விலையை வைத்து ஒப்பிடக் கூடாது, கிலோவுக்கு வகுத்துப் பார்க்க வேண்டும். எங்களுக்குப் பக்கத்து ஊரான புதுவயலில் அரிசி ஆலைகள் இருப்பதால் நேரே போய், ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்து வாங்கிவிடுவோம்.

மிளகாயும் புளியும் மாசி, பங்குனியில் வாங்குங்கள். ராமநாதபுரம் குண்டு மிளகாய் அப்போதுதான் புதுசாக வரும். வருஷத்துக்கு வேண்டியதை வாங்கி வெயிலில் நன்றாகக் காயவைத்து, காம்பு கிள்ளாமல் கட்டி வைத்தால் கெடாது. புளியைக் கொட்டை, நார் எடுத்து, கல்லுப்புப் போட்டு ஜாடியில் அமுக்கி வைக்க வேண்டும். ‘ஃபிளாட்டில் இருக்கிறோம், வெயில் எங்கே, ஜாடி எங்கே’ என்று கேட்பீர்கள். நியாயம்தான். மூன்று மாதத்துக்கு மட்டுமாவது வாங்குங்கள், நூறு கிராம் பாக்கெட்டாக வாங்குவதற்கு அது எவ்வளவோ மேல். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ மாதிரி வாசனைச் சாமானை மட்டும் மொத்தமாக வாங்க வேண்டாம். ஐம்பது கிராமே ரொம்ப நாள் வரும், வைத்திருந்தால் வாசனை போய்விடும்.

இனி கார். எங்கள் பெட்ரோல் கார் பழசு. ஒரு மழைக்காலத்தில் சில நாள் காலையில் சாவியைத் திருப்பினால் ‘கடகட’ என்று சத்தம் மட்டும் வரும், வண்டி எடுக்காது. கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி எடுத்துக்கொள்ளும். வெளியூரில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனோம். ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது, பேட்டரியும் மாற்ற வேண்டும், கூடவே எஞ்சினை உள்ளே சுத்தம் செய்யும் எஞ்சின் ஃபிளஷ் செய்வது நல்லது என்று பதினைந்தாயிரத்துக்கு மேல் எஸ்டிமேட் நீட்டினார்கள். ‘பேட்டரி எத்தனை வோல்ட் காட்டியது?’ என்று கேட்டேன். அந்தப் பையன் என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்து, ‘சார், சேஃப்டிக்குத்தான் சொல்றோம்’ என்றான். கேட்டது நான். வண்டியை ஓட்டுவதும் நான்தான். எஸ்டிமேட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

எங்கள் ஊர் மெக்கானிக் தம்பி பானெட்டைத் திறந்து மீட்டரை வைத்தார். 12.5 வோல்ட். ‘ஆச்சி, பேட்டரி நல்லாத்தான் இருக்கு. இங்க பாருங்க’ என்று மைனஸ் டெர்மினல் பக்கம் டார்ச் அடித்துக் காட்டினார். கிளாம்புக்கு அடியில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்துக் கிடந்தது. அது அடைத்துக்கொண்டால் ஸ்டார்ட்டருக்கு வேண்டிய கரண்ட் போகாதாம். கழற்றி வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும் வரை தேய்த்து, வாசலின் தடவி இறுக்கினார். ஒரே திருப்பில் எடுத்தது. எஞ்சின் ஓடும்போது மறுபடி மீட்டரை வைத்து 14.1 காட்டியதையும் என்னைப் படிக்கச் சொன்னார். 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் இருந்தால் ஆல்டர்னேட்டர் சரியாகச் சார்ஜ் ஏற்றுகிறது என்று அர்த்தமாம். இருநூறு ரூபாய் கேட்டார், அதற்கு மேலேயே கொடுத்தோம். கைவேலை தெரிந்தவரிடம் கூலியில் பேரம் பேசாதீர்கள். பேசவேண்டிய இடம் பார்ட்ஸும் தேவையில்லாத வேலையும்தான்.

சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் என் மேல் கோபப்பட வேண்டாம். உங்களுக்கு மேலே டார்கெட் வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வாரண்டி இருக்கிற வண்டியை அங்கே விடுவதுதான் சரி. எல்லா ரோட்டோர மெக்கானிக்கும் யோக்கியர் என்றும் நான் சொல்லவில்லை. எங்கே விட்டாலும் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள், மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கேளுங்கள், புதுப் பாகம் வந்த அட்டைப் பெட்டியில் எம்ஆர்பியைப் பாருங்கள். வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்த கிலோமீட்டருக்கு எதை மாற்ற வேண்டும் என்று பட்டியல் இருக்கும், அதில் இல்லாத வேலைக்குக் காரணம் கேளுங்கள். பிரேக், டயர் இரண்டிலும் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இல் 23-ஆவது வாரம் செய்தது. செகண்ட் ஹேண்ட் வண்டியில் டயர் பட்டன், அதாவது ரோட்டில் படும் மேடு, தேயாமல் எவ்வளவு இருந்தாலும் அந்தத் தேதியைக் கட்டாயம் பாருங்கள்.

கணக்கு என்று வந்ததால் ஒன்று சொல்லியே ஆகவேண்டும், உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை. பங்காளிகளுக்கெல்லாம் பொதுவான எங்கள் பூர்வீக வீட்டில் ஒவ்வொரு ஐப்பசிக்கும் ஓடு மாற்ற வேண்டியிருக்கிறது. ஊரில் இருப்பது நாங்கள் மட்டும்தான். ஆள்கூலி, ஓடு, சுண்ணாம்பு என்று பில்லோடு பங்காளிகள் எல்லாருக்கும் அனுப்புகிறேன். பதில் வராது. கல்யாணத்துக்கு வந்து வளவில், அதாவது உள்முற்றத்தில், நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, ‘ஊரோடு இருக்கிற உங்களுக்கு என்ன செலவு ஆச்சி’ என்று கேட்கிறார்கள். ஓடு ஒழுகி உத்தரத்து பர்மா தேக்கில் தண்ணீர் இறங்கினால் அப்புறம் எத்தனை லட்சம் கொடுத்தாலும் அந்த மரம் கிடைக்காது. அவரவர் புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, வருவதைக் கொடுத்தால் போதும், நான் கேட்பது அவ்வளவுதான். எங்களைக் கஞ்சம் என்று சொல்பவர்களில் சொந்தக்காரர்களும் உண்டு.

சரி, உங்கள் வண்டி எந்த வருஷத்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, பெட்ரோலா டீசலா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதினால் முதல் சர்வீஸில் எதைச் செய்யலாம், எதை விடலாம் என்று எங்கள் மெக்கானிக் தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன்.