மிக்ஸி போல் அலறும் ஏர்பஸ்

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கும் கல்லூரி மாணவன் நான். எக்ஸ்-பிளேன் 12 என்னும் விமானப் பாவனை மென்பொருளில் ஓடும் ஏர்பஸ் ஏ320 மாதிரி ஒன்றுக்கு நானே ஒலித் தொகுப்பு தயாரிக்கிறேன். விமானத்தில் போனபோது இறக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து கைப்பேசியில் எஞ்சின் ஒலியைப் பதிவு செய்தேன். ஒரே வேகத்தில் அது நன்றாக இருக்கிறது. எஞ்சின் விசையைக் கூட்டும் நெம்புகோலான திராட்டிலை முன்னே தள்ளினால், அம்மா சட்னி அரைக்கும் மிக்ஸி போல் கேட்கிறது. எப்படிச் சரிசெய்வது? சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்களும் சத்தம் என்று முறையிடுகிறார்கள்.

பதில்: உங்கள் காது சரியாகவே சொல்கிறது. மிக்ஸியில் சுழலும் மோட்டார் ஒன்றுதான் என்பதால், வேகம் கூடும்போது அதன் ஓசை முழுவதும் ஒரே கட்டாக மேலே ஏறும். நீங்களும் ஒரே பதிவை வைத்துக்கொண்டு, திராட்டிலுக்கு ஏற்ப அதன் சுருதியை ஏற்றி இறக்கியிருக்கிறீர்கள். விமானத்தின் ஓசையோ வெவ்வேறு காரணங்களால் எழுந்து, வெவ்வேறு கணக்கில் மாறும் பல ஓசைகளின் சேர்க்கை.

ஏ320இன் ஒரு வகையில் பொருத்தப்படும் சி.எப்.எம்.56-5பி எஞ்சினை எடுத்துக்கொள்வோம். முன்னால் தெரியும் பெரிய விசிறியில் 36 தகடுகள் உள்ளன. அதன் சுழற்சியைக் குறிக்கும் என்1 அளவு 100 சதவீதம் என்றால் நிமிடத்துக்கு 5,000 சுற்று. தகடுகள் காற்றை வெட்டும் ஓசையின் அலைவெண், சுற்று வேகத்தைத் தகடுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் கிடைக்கும். இந்த எஞ்சினுக்கு அது என்1இன் ஒவ்வொரு சதவீதத்துக்கும் சரியாக 30 ஹெர்ட்ஸ். தரையில் ஐடிலில் (எஞ்சின் சும்மா ஓடும் நிலையில்) ஏறத்தாழ 20 சதவீதம், அதாவது 600 ஹெர்ட்ஸ். புறப்படும்போது 90 சதவீதம் என்றால் 2,700 ஹெர்ட்ஸ், அதாவது நாலரை மடங்கு. ஆனால் உள்ளே வேறொரு தண்டில் சுழலும் உயர் அழுத்தப் பகுதி, அதாவது என்2, ஐடிலிலேயே 60 சதவீதத்தை ஒட்டி ஓடிக்கொண்டிருப்பதால், புறப்பாட்டின்போது ஒன்றரை மடங்குக்குமேல் பெரிதாக ஏறுவதில்லை. பின்புறம் பீறிடும் வாயுவின் இரைச்சலுக்குச் சுருதி என்று சொல்லத்தக்க ஒன்றே கிடையாது. அது உரக்க மட்டுமே செய்யும். பிரிட்டன் கணிதவியலாளர் ஜேம்ஸ் லைட்ஹில் 1952இல் நிறுவியபடி அதன் ஆற்றல் பீறிடும் வேகத்தின் எட்டாம் அடுக்கில் கூடுவதால், திராட்டிலின் கடைசிச் சில அங்குலங்களில்தான் அது திடீரென்று பொங்கி எழும். இந்த மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டி இழுத்தால் மிக்ஸிதான் கிடைக்கும்.

இன்னொரு தவறும் இதிலேயே ஒளிந்திருக்கிறது. காசிமேட்டில் விசைப்படகு கிளம்பும்போது ஒருமுறை பக்கத்தில் நின்று கேளுங்கள். டீசல் எஞ்சினின் தடதடப்பு வேகம் கூடக்கூட நெருங்கி வரும்; படகின் உடல் அதிர்ந்து எழுப்பும் ‘கும்’மென்ற அடிக்குரலோ தன் இடத்தை விட்டு நகராது. ஏதோ ஒரு வேகத்தில் எஞ்சினின் துடிப்பு அந்த இடத்தைத் தொட்டதும் படகு முழுவதும் உறுமும், தாண்டியதும் அடங்கும். பதிவின் சுருதியை இரண்டு மடங்காக்கினால் எஞ்சின் வேகமெடுப்பதோடு படகும் பாதியாகச் சுருங்கிவிட்டதாகக் காது எடுத்துக்கொள்ளும். உங்கள் 37 மீட்டர் விமானம் பொம்மை போலக் கேட்பதற்கும் இதுவே காரணம்.

ஆகவே ஒரு பதிவை, அது எடுக்கப்பட்ட என்1 அளவிலிருந்து பத்து சதவீதத்துக்குமேல் சுருதி மாற்றாதீர்கள். வேகம் குறைந்த பகுதியில் இதற்கு நிறைய பதிவுகள் தேவைப்படும் என்பதால், அங்கே மட்டும் விசிறியின் சுரத்தைக் கணினியில் உருவாக்கிக்கொண்டு, இரைச்சலைப் பதிவிலிருந்து எடுப்பது என் பழக்கம். டாக்ஸி, புறப்பாடு, ஏற்றம், சமதளப் பறப்பு, இறக்கம் என்று ஒரே பயணத்தில் பல அளவுகள் உங்களுக்குக் கிடைத்திருக்கும். எந்தப் பதிவு எந்த என்1 என்பதை அறிய, ஆடாசிட்டி என்னும் ஒலித் தொகுப்பு மென்பொருளில், அலைவெண்களைப் பிரித்துக் காட்டும் அலைமாலைப் படத்தைத் திறந்து, தனிக் கோடாகத் தெரியும் விசிறிச் சுரத்தின் அலைவெண்ணை 30ஆல் வகுத்தால் போதும். நீங்கள் போன விமானம் புதிய எஞ்சின் கொண்ட நியோ வகையா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அதில் வரும் எஞ்சின்களில் ஒன்றான லீப்-1ஏயின் விசிறியில் 18 தகடுகளே இருப்பதால் இந்தக் கணக்கும் பொருந்தாது, அந்தப் பதிவும் பொருந்தாது. எக்ஸ்-பிளேனுக்கு ஒலியை அமைக்கும் எப்.மோட் மென்பொருளில் இரண்டு பதிவுகளை ஒன்றின்மேல் ஒன்றாக மங்கவிடும்போது நேர்கோட்டு வளைவை வைத்தால் நடுவில் 3 டெசிபல் பள்ளம் விழும்; சம ஆற்றல் வளைவையே வையுங்கள்.

உங்கள் இருக்கையிலிருந்து பதிவாகவே முடியாத ஓசை ஒன்று உண்டு. விசிறியின் விட்டம் 1.735 மீட்டர் என்பதால், 90 சதவீதத்தில் தகட்டின் நுனி நொடிக்கு ஏறத்தாழ 409 மீட்டர் வேகத்தில் போகிறது. இது ஒலியின் வேகத்தைவிட அதிகம். ஒவ்வொரு தகடும் சிறு அதிர்ச்சியலையை முன்னோக்கித் தள்ளும். தகடுகளுக்கு இடையே உள்ள மயிரிழை வேறுபாடுகளால் அந்த அலைகள் ஒழுங்கு குலைந்து, மரம் அறுக்கும் ரம்பம் போன்ற கரகரப்பாக முன்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்கும். நுனி வேகம் மட்டும் கணக்கென்றால் இது 75 சதவீதத்தை ஒட்டித் தொடங்க வேண்டும். உள்ளே உறிஞ்சப்படும் காற்றின் வேகமும் சேர்வதால் சற்று முன்னதாகவே தலைகாட்டும். இதைச் செயற்கையாக உருவாக்குவது எளிது: உயரம் கொஞ்சம் கொஞ்சம் மாறுபட்ட 36 துடிப்புகளை வரிசையாக வைத்து, அந்த வரிசையை நொடிக்கு 75 முறை திரும்ப ஓடவிட்டுப் பாருங்கள்.

ஆனால் இதையெல்லாம் விமானி எவ்வளவு கேட்பார்? எஞ்சின்கள் அவருக்கு வெகு பின்னால் இருக்கின்றன. உயரத்தில் பறக்கும்போது அவர் காதை நிறைப்பது மூக்கை உரசிப் போகும் காற்றும், மின்னணுக் கருவிகளைக் குளிர்விக்கும் விசிறியும், ஏ.சி.க் காற்றும்தான். சொந்தமாக ஒலித் தொகுப்பு செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். எஞ்சினைச் செதுக்கிச் செதுக்கிவிட்டுக் காற்றைக் கடைசியில் ஒப்புக்குச் சேர்ப்பார்கள். காற்றோசையைக் கருவி காட்டும் வேகத்தோடு இணையுங்கள், உண்மை வேகத்தோடு அல்ல. காற்றின் இயக்க அழுத்தத்தை அளப்பது முன்னதுதான். வேகம் இரு மடங்கானால் ஓசை ஏறத்தாழ 12 டெசிபல் கூடும். குளிர்விக்கும் விசிறிக்குச் சமையலறை எக்ஸாஸ்ட் விசிறியைப் பதிவு செய்து மேல் அலைவெண்களைச் சற்று மழித்தாலே போதும். கைப்பேசியின் தானியங்கி ஒலிமட்டக் கட்டுப்பாட்டை மட்டும் அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு சுழல் பதிவுக்கும் 7, 11, 13 நொடி என்று பொருந்தாத நீளங்களை வைத்தால், திரும்பத் திரும்ப வருவது காதில் படாது.

ஏ320இல் நாய் குரைப்பது போல் கேட்கும் ஓசையையும் சேர்க்க நினைப்பீர்கள்; எல்லோருக்கும் அதில்தான் ஆசை. பச்சை, மஞ்சள் எனப்படும் இரு ஹைட்ராலிக் அமைப்புகளின் அழுத்த வேறுபாடு 500 பி.எஸ்.ஐ.யைத் தாண்டினால் இயங்கும் கருவியின் ஓசை அது. இரண்டாவது எஞ்சினைக் கிளப்பும்போது அந்தக் கருவி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். ஓசையை அழுத்த வேறுபாட்டோடு இணையுங்கள், நேரத்தோடு இணைக்காதீர்கள். பயணிகள் பகுதியின் நடுவில் உரக்கவும், விமானி அறையில் கேட்டும் கேட்காமலும் இருக்கட்டும்.

அண்டை வீட்டாரைப் பொறுத்தவரை, சுவரைத் தாண்டிப் போவது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலிதான். சப்வூஃபரை அணைத்துவிட்டு, காதை முழுவதும் மூடும் ஹெட்போனில் வேலை செய்யுங்கள். உடலில் அதிர்வு வேண்டுமென்றால் நாற்காலிக்கு அடியில் அதை அதிரவைக்கும் பேஸ் ஷேக்கர் ஒன்றைப் பொருத்தலாம்; நாற்காலியின் கால்களுக்குக் கீழே தடித்த ரப்பர் வைக்காவிட்டால், பக்கத்து வீட்டுக்காரர் ஓய்ந்த இடத்தில் கீழ்வீட்டுக்காரர் தொடங்குவார்.