சீசன் வேலை, சேமலாப நிதி, பிரித்தானியாவின் புது ஏஜென்சி: கேட்டதற்குப் பதில்

தொழில் உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். திருகோணமலைப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சம்பளத் துண்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

உப்புவெளி: ஹோட்டலில் சீசன் வேலை சேர். 60,000 சம்பளத்தில் சேமலாப நிதி எண்டு 12,000 வெட்டினவை. சரியோ?

பிழை. ஓய்வுகாலத்துக்குச் சேரும் இந்த நிதியில் உங்கள் பங்கு 8%, அதாவது 4,800. முதலாளியின் 12%, 7,200 ரூபா, அவர் தன் பொக்கற்றிலிருந்து போட வேண்டியது. அதையும் உங்கள் தலையில் கட்டியிருக்கிறார். ஊழியர் நம்பிக்கை நிதியம் என்ற இன்னொரு நிதிக்கான 3% கூட அவர் கணக்குத்தான். "சீசன் ஆளுக்கு நிதி இல்லை" என்பது கடற்கரைக் கதை. சட்டத்தில் முதல் நாளிலிருந்தே உண்டு. பிந்திக் கட்டினால் 5 முதல் 50% வரை மேலதிகக் கட்டணம்.

ஒருமுறை ஒரு விடுதியின் வரவுப் பதிவேட்டைப் புரட்டினேன். ஒரே பேனை, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் போட்ட கையெழுத்துகள். ஜூன் 31ஆம் திகதிக்கும் ஒருவர் வேலைக்கு வந்திருந்தார்! அதனால்தான் உங்கள் வரவை நீங்களும் ஒரு கொப்பியில் எழுதுங்கள் என்கிறேன்.

கிண்ணியா: கடையில் மூன்று பேர்தான். ஆறு வருசம் வேலை. பணிக்கொடை கிடைக்குமா?

வேலையை விடும்போது முதலாளி தரும் அந்தத் தொகைக்கான 1983ஆம் ஆண்டுச் சட்டம் 15 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்துக்கு. நீங்கள் வேலைத் தகராறுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குத்தான் போகவேண்டும்.

நிலாவெளி: வேலையால நிப்பாட்டி எட்டு மாதம். இப்ப முறையிடலாமோ?

தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் வந்திருக்க வேண்டும் தம்பி. சேமலாப நிதி நிலுவைக்கு அந்தத் தடை இல்லை, அதையாவது கேளுங்கள்.

மூதூர்: மகள் லண்டனில் முதியோர் பராமரிப்பில். அங்கே தொழிலாளர் உரிமையைப் பார்க்க ஃபெயார் வேர்க் ஏஜென்சி வந்திருக்காம். எங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டாமா ஐயா?

நல்ல கேள்வி. அங்கே குறைந்தபட்சச் சம்பளத்தை வரித் திணைக்களம் பார்த்தது, கூலி ஆள் பிடிக்கும் தரகரை வேறொரு சபை, வேலை முகவர்களை இன்னொரு பிரிவு. 2004 பெப்ரவரியில் மோர்கம் விரிகுடாவில் மட்டி பொறுக்கப் போன 23 சீனத் தொழிலாளர் வற்று முடிந்து ஏறிய கடலில் மாண்டார்கள். தரகருக்கு லைசென்ஸ் சட்டம் வந்தது அதற்குப் பிறகு. சிதறிக் கிடந்தவற்றை 2025 சட்டத்தின் கீழ் 2026 ஏப்ரலில் அந்த ஒரே ஏஜென்சியாக்கினார்கள்.

நம்மிடம் அந்தச் சிதறல் இல்லை. சேமலாப நிதி, லீவு, பணிக்கொடை, சம்பளச் சபை எல்லாம் 1923இலிருந்து இருக்கும் ஒரே தொழில் திணைக்களத்திடம். கடை ஒன்றுதான், நிற்க ஆள் காணாது.

துறைமுகத் தொழிற்சங்கத் தோழர்: கிழட்டுத் திணைக்களத்துக்கு வெள்ளை அடித்துப் பயனில்லை. நேரே தண்டம் போடும் தனி அதிகாரசபை வேண்டும்.

தண்டத்தில் உடன்பாடு. அங்கே சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்தவருக்கு அந்தத் தொகையின் 200% வரை, ஆளுக்கு உச்சமாக 20,000 பவுண், தண்டம் அறிவித்தலிலேயே விழும். இங்கே நிலுவைக்கு நீதவான் நீதிமன்றம் ஏறி இறங்கவேண்டும். ஆனால் புது அதிகாரசபை என்றால் கொழும்பில் தலைவர், கட்டடம், வாகனம். மூதூர் ஃபெரியில் வர ஒருவரும் இருக்கமாட்டார்.

அதே தோழர்: திணைக்களத்தில் சம்பளம் எடுத்தவர் திணைக்களத்தைத்தானே காப்பாற்றுவார்!

உண்மைதான், பென்சனும் எடுக்கிறேன். ஆனால் முறைப்பாட்டுக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வெருகல் வரை போனவன் நான். பிரச்சினை பெயர்ப்பலகையில் இல்லை, பஸ்ஸில்.

சீனக்குடா: சீசன் ஆளுக்கு சேமலாப நிதி உண்டா?

மேலே வாசியுங்கள்.

தம்பலகாமம்: குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு?

2026 ஜனவரியிலிருந்து 30,000.

சல்லி: கட்டார் ஏஜென்ட் காசு திருப்பித் தரவில்லை.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். என் துறை இல்லை.

ஓர்ஸ்ஹில்: "நானாக விலகுகிறேன்" என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். தந்தால்தான் கடைசி மாதச் சம்பளமாம்.

கையெழுத்துப் போடாதீர்கள். நாளைக்குக் காலையே திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள், அந்தக் கடிதத்தின் படத்தோடு. இது சீசன் ஆளுக்கும் உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள்.