ரீமேப் செய்த டீசல் வண்டியை விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: வணக்கம் சார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், வயது 43. சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் ஷிப்ட் பொறுப்பாளர். கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 28,000. வீட்டுக் கடன் தவணை 19,500. மகள் பத்தாம் வகுப்பு. 2017 ஏப்ரலில் 2.2 லிட்டர் டீசல் எஸ்யூவி வாங்கினேன், கடன் முடிந்துவிட்டது. இதுவரை 1,32,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 2021-ல் ஆசைப்பட்டு, எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டும் ஸ்டேஜ் 1 ரீமேப் செய்தேன். 330 நியூட்டன் மீட்டராக இருந்த டார்க், அதாவது இழுவைத் திறன், 400 ஆனது. போன வருஷம் கிளட்ச், டர்போ இரண்டும் போய் 92,000 செலவு. கிரெடிட் கார்டில் தவணையாக மாற்றினேன், இன்னும் 41,000 பாக்கி. ஷோரூமில் என் வண்டியை 5.75 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டு, 22 லட்சம் ஆன்ரோடு விலையில் புது டீசல் எஸ்யூவி தருவதாகச் சொல்கிறார்கள். எஃப்டி 3.40 லட்சம் இருக்கிறது. "டீசலுக்குப் பத்து வருஷம்தான் ஆயுசு, இப்பவே தள்ளிவிடுங்க மாப்பிள்ளை" என்கிறார் மாமனார். புதுச்சேரியில் இருக்கும் மச்சான், தன் முகவரியில் பதிவு செய்தால் வரி மிச்சம் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: விற்காதீர்கள். ஆனால் வண்டியை இன்று இருக்கிற நிலையிலேயே ஓட்டிக்கொண்டும் இருக்காதீர்கள்.

முதலில் மாமனாரின் பயத்தைத் தீர்த்துவிடலாம். பத்து வருஷக் கணக்கு டெல்லியையும் அதைச் சுற்றியுள்ள தலைநகர் பகுதியையும் பற்றியது. 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவு, 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்கும் நம் ஊருக்கும் சம்பந்தமில்லை. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருஷம். உங்கள் ஆர்.சி. 2032 ஏப்ரல் வரை செல்லும். அதன்பிறகும் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். 15 வருஷம் தாண்டிய காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். கூடவே பசுமை வரியும் உண்டு. இதற்காக இன்றே வண்டியைத் தள்ள வேண்டியதில்லை.

இனி கணக்கு. புது வண்டிக்கு 22 லட்சம். பழையதற்கு 5.75 போக 16.25. எஃப்டியிலிருந்து 1.25 எடுத்தாலும் 15 லட்சம் கடன் வாங்க வேண்டும். 9.5 சதவீத வட்டி, ஏழு வருஷம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 24,500. வீட்டுக் கடனோடு சேர்த்தால் 44,000. இருவரும் சேர்ந்து வீட்டுக்குக் கொண்டுவரும் 90,000-ல் கிட்டத்தட்ட பாதி. மகள் இப்போது பத்தாம் வகுப்பு. பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேரும்போதும் இந்தத் தவணை ஓடிக்கொண்டிருக்கும். நான்கு வருஷப் படிப்பு படித்தால், அதை முடிக்கும்வரை கூடவே வரும். என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

ஐந்து வருஷத்துக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். டீசல் இரண்டுக்கும் பொதுவாக ஆகும், அதை விட்டுவிடுவோம். புது வண்டிக்கு நீங்கள் கொடுக்கும் பழைய வண்டி 5.75, கையிலிருந்து 1.25, ஐந்து வருஷத் தவணை 14.7, மொத்தம் 21.7 லட்சம். அப்போதும் வங்கிக்கு 5.3 லட்சம் பாக்கி இருக்கும். அன்று வண்டியை விற்றால் 9.5 லட்சம் வரும் என்று தாராளமாகவே வைக்கிறேன். பதிவு வரியும் இன்சூரன்ஸும் சேராத ஷோரூம் விலையில் பாதிக்கும் சற்று மேல். இன்சூரன்ஸும் சர்வீஸும் 2.5 லட்சம். ஆக, ஐந்து வருஷம் ஓட்டிய செலவு 20 லட்சம்.

பழைய வண்டிக்கு வருவோம். 5.75 லட்ச மதிப்பு ஐந்து வருஷத்தில் 2 லட்சமாக இறங்கினால் 3.75 போகிறது. பராமரிப்புக்கு மாதம் 8,000 வீதம் 4.8 லட்சம். இன்சூரன்ஸ் 1.1. மொத்தம் 9.65. வித்தியாசம் பத்து லட்சத்துக்கு மேல். நான் போட்ட பராமரிப்புச் செலவு இரண்டு மடங்கானாலும், புது வண்டியைவிட ஐந்தரை லட்சம் குறைவாகத்தான் வரும்.

இன்னொன்றையும் ஷோரூமில் சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டிலிருந்து சிப்காட்டுக்குப் பத்து கிலோமீட்டர்தான் இருக்கும். இன்றைய பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை அது எரித்துத் தள்ள வேண்டுமானால், வண்டி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். தினம் பத்து கிலோமீட்டர் போய் நிறுத்தும் வண்டியில் அது அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். உங்களுடையது அதற்கு முந்தைய பிஎஸ்4 விதிப்படி வந்த வண்டி. அந்தக் காலத்து டீசல்களில் பெரும்பாலானவற்றில் இந்த வடிகட்டி கிடையாது. உங்கள் ஓட்டத்துக்குப் பழையதுதான் பொருத்தம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யூவிகளுக்கு ஜிஎஸ்டி வரி 40 சதவீதமாகக் குறைந்ததும் உண்மை. முன்பு செஸ் சேர்த்து 50 வரை இருந்தது. ஆனால் புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் கூடவே இறங்கும். உங்கள் 5.75-லும் அந்த இறக்கம் இருக்கிறது.

சரி, ரீமேப். அதற்கு நீங்கள் டியூனருக்குக் கொடுத்த பணம் சின்னத் தொகை. பெரிய தொகை போன வருஷம் போனது. எஞ்சினின் கணினியில் டீசல் அளவையும் டர்போ அழுத்தத்தையும் ஏற்றும்போது, கம்பெனி 330-க்கு என்று கணக்குப் போட்டு வைத்த கிளட்ச் 400-ஐத் தாங்க வேண்டியிருக்கிறது. போன மாதம் புதுச்சேரி முதலியார்பேட்டையில் நான் வண்டி விடும் பட்டறையில், இப்படி ரீமேப் செய்த வண்டி ஒன்றின் கியர்பாக்ஸை இறக்கி வைத்திருந்தார்கள். கிளட்ச் பிளேட் அழுந்திப் பிடிக்கும் ஃப்ளைவீலை மெக்கானிக் திருப்பிக் காட்டினார். வெள்ளி போல இருக்க வேண்டிய பரப்பில் நீலமும் ஊதாவுமாகத் திட்டுத்திட்டாகச் சூட்டுத் தழும்பு. பக்கத்தில் கிடந்த கிளட்ச் பிளேட் ரிவெட் தலை தெரியும்வரை தேய்ந்து, கருகிய நாற்றம் அடித்தது. வண்டிக்காரர் அந்தப் பிளேட்டைப் போட்டு 38,000 கி.மீ.தான் ஓட்டியிருந்தார். நான்காவது கியரில் குறைந்த ஆர்.பி.எம்-மில் திடீரென்று மிதிப்பதுதான் காரணம் என்றார் மெக்கானிக். ரீமேப் செய்த வண்டியில் அந்த மிதிதானே சுகம்!

அந்தச் சுகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஒன்பது வருஷமாக ஒரு வண்டியை விரும்பி வைத்திருப்பது நல்ல விஷயம். ஆனால் இன்சூரன்ஸில் நீங்கள் நிற்கும் இடம் எனக்குக் கவலை தருகிறது. எஞ்சினில் செய்த மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்தீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை, அதனால் தெரிவிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். முக்கியமான தகவலை மறைத்த பாலிசியில் இழப்பீட்டை மறுக்கக் கம்பெனிக்கு வழி இருக்கிறது. என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒருவருக்கு இதுதான் நடந்தது. முன்பக்கம் மோதிய வண்டியைப் பார்க்க வந்த சர்வேயர், டேஷ்போர்டு பெட்டியில் இன்சூரன்ஸ் தாளைத் தேடும்போது ரீமேப் பில் கையில் கிடைத்தது. எட்டு மாதம் இழுத்தது. கடைசியில் 1.6 லட்சத்தை அவரே கட்டினார். அதோடு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பின் விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு.

ஆகவே ரீமேப்பை எடுத்துவிடுங்கள். கம்பெனி போட்டிருந்த பழைய மென்பொருள் ஃபைலைத் திரும்ப ஏற்றுவது ஒரு மணி நேர வேலை. எடுக்கவே மனசு வரவில்லை என்றால், 52-ஆம் பிரிவுச் சிக்கல் அப்படியே இருக்கும் என்பதை மறக்காமல், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து, கூடுதல் பிரீமியம் கேட்டால் கட்டி, அவர்கள் ஒப்புக்கொண்டதைப் பாலிசியில் எழுதி வாங்குங்கள். அப்படி வைத்துக்கொண்டால் எஞ்சின் ஆயிலை கையேட்டில் சொன்ன தூரத்தில் பாதியிலேயே மாற்றுங்கள். இசிஆரில் விரட்டி வந்து நிறுத்தியதும் உடனே சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிஷம் ஐடிலில் விடுங்கள், டர்போ ஆறட்டும்.

கணக்கை உண்மையில் கவிழ்க்கக்கூடியவை இரண்டு: துருவும் வெள்ளமும். கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டரில் நிற்கும் வண்டி இது. ஒரு நல்ல பட்டறையில் லிஃப்டில் ஏற்றி, அடியில் பாரம் தாங்கும் சட்டமான சப்ஃப்ரேம், சஸ்பென்ஷன் இணையும் இடங்கள், பிரேக் பைப்புகளை டார்ச் அடித்துப் பாருங்கள். மெக்கானிக் ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டட்டும். டங் என்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்டு செதில் உதிர்ந்தால், நான் மேலே சொன்ன எல்லாக் கணக்கையும் மறந்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள். எஞ்சின் சிலிண்டர்களில் அழுத்தம் சரியாக நிற்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையும் அன்றைக்கே செய்துவிடுங்கள்.

வெள்ளம் பற்றி மஞ்சக்குப்பத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ-க்கு மேல் கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணைக் கரையில் உங்கள் பக்கம் தண்ணீர் புகுந்தது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் உடைந்தால் சாதாரண பாலிசியில் அதற்கு இழப்பீடு கிடைப்பது கஷ்டம். அதற்கான தனி எஞ்சின் பாதுகாப்பை ஒன்பது வயது வண்டிக்குப் பல கம்பெனிகள் தருவதில்லை. கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், ஆற்றில் எச்சரிக்கை வந்த அன்றே வண்டியை மேட்டுப் பகுதியில் விட்டுவிட்டு வாருங்கள். நனைந்த வண்டியில் சாவியைத் தொடாதீர்கள், ரெக்கவரி வண்டி வரட்டும்.

மச்சானின் யோசனை வேண்டாம். தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம், அதற்கு மேல் 20. புதுச்சேரியில் குறைவு என்பது உண்மைதான். ஆனால் வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறதோ அங்கேதான் பதிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். புதுச்சேரியின் பிஒய் எண்ணோடு மஞ்சக்குப்பத்தில் தினமும் நிற்கும் வண்டி சோதனையில் மாட்டினால், இங்கத்து வரியையும் அபராதத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டி வரும். மச்சான் பெயரிலேயே வாங்கினால் ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் அவர் கைக்குப் போய்விடும். உறவில் பணம் புகுந்து கெட்ட கதைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மச்சான் வீட்டுக்குப் போய்வரும்போது புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் முள்ளோடையில் விலை குறைந்த டீசலைப் போட்டுக்கொள்ளுங்கள், அந்தச் சலுகை போதும்.

அப்புறம் பணத்தை எங்கே வைப்பது என்பது. கார்டு பாக்கி 41,000-ஐ எஃப்டியிலிருந்து இந்த மாதமே அடையுங்கள். முன்கூட்டி முடிக்கும் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எஃப்டி தரும் வட்டியைவிடக் கார்டுத் தவணையின் வட்டி இரண்டு மடங்காவது இருக்கும். மீதி 2.99 லட்சத்தில் 2 லட்சம் குடும்பத்தின் அவசரத்துக்கு, அதைத் தொடாதீர்கள். மிச்ச 99,000-ஐ தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு, சம்பளம் வந்த மறுநாளே மாதம் 8,000 அதற்குப் போகும்படி செய்யுங்கள். இனி டயர், ஆயில், இன்ஜெக்டர், இன்சூரன்ஸ் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்தே. புது வண்டிக்குக் கட்டத் தயாராக இருந்த 24,500-ல் மீதி 16,500 இருக்கிறதே, அதில் 10,000-ஐயாவது மகள் படிப்புக்கு ஆர்.டி-யாகப் போடுங்கள். இரண்டு வருஷத்தில் அசலே 2.4 லட்சம். முதல் வருஷக் கல்லூரிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைக்காமல் இருக்கலாம்.

எப்போது விற்பது என்று கேட்பீர்கள். ஒரே பழுதுக்கு வண்டியின் அன்றைய விலையில் பாதிக்கு மேல் கேட்டால், அல்லது அடிப்பாகம் துருவில் விட்டுப்போனால், அன்று விற்றுவிடுங்கள். அதுவரை சேர்ந்த பணம் அடுத்த வண்டிக்கு முன்பணமாக உதவும். விற்கும்போது ரீமேப் இல்லாத வண்டி, சர்வீஸ் பில்கள் கையில் என்றால் வாங்குபவரும் பேரம் பேசத் தயங்குவார்.

ஏப்ரலில் உங்கள் பாலிசி புதுப்பிக்க வரும். அதற்கு முன், 2021-ல் வண்டியிலிருந்து எடுத்த அசல் ஃபைல் பத்திரமாக இருக்கிறதா என்று டியூனரிடம் இன்றைக்கே போன் செய்து கேளுங்கள். இல்லை என்றால் ஷோரூம் சர்வீஸ் சென்டரில் கணினியை மறுபடி புரோகிராம் செய்ய என்ன ஆகும் என்று விசாரியுங்கள். லிஃப்டில் ஏற்றிப் பார்த்த பிறகு, கம்ப்ரஷன் சோதனையில் நான்கு சிலிண்டருக்கும் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.