கையை விரித்தவரும் கோபுரத்துச் சாரமும்
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: ஐயா அவர்களுக்கு வணக்கம். குரூப் 4 தேர்வுக்குப் படித்துவரும் என் மகளுக்கு, மாதிரித் தேர்வு ஒன்றில் பின்வரும் பத்தி வந்தது: “மழை நாளைக் கணிப்பதில் கரை கண்டவர் என்று பெயரெடுத்த அந்தப் பெரியவர், அந்த ஆண்டு மட்டும் வானத்தைப் பார்த்துக் கையை விரித்துவிட்டார். வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. கார் சாகுபடிக்கு நாற்றங்கால் உழுதவர்கள் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள்.” இதில் ‘கையை விரித்துவிட்டார்’ என்பதன் பொருளாக, (அ) உதவ மறுத்தார், (ஆ) தம்மால் சொல்ல இயலாது என்று உணர்த்தினார், (இ) இறைவனை வேண்டினார், (ஈ) தாராளமாகக் கொடுத்தார் என நான்கு விடைகள் தரப்பட்டிருந்தன. கடன் கேட்டால் கையை விரித்தார் என்றுதானே நாம் சொல்கிறோம் என்று அவள் (அ) எழுதினாள். விடைக்குறிப்பில் (ஆ) என்று இருக்கிறது. எது சரி?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: விடைக்குறிப்பு சரியானதே. தங்கள் மகள் தவறியது அறியாமையால் அன்று. அறிந்த பொருள் முந்திக்கொண்டதால். கையை விரிப்பது, ‘என்னிடம் ஒன்றும் இல்லை’ என்று வெறுங்கையைக் காட்டுவது. கடன் கேட்டவரிடம் விரிக்கும்போது கையில் இல்லாதது பணம். ஆகவே அங்கே மறுப்பு என்று பொருள் கொள்கிறோம். மழையைக் கணிக்கும் பெரியவர் விரிக்கும்போது இல்லாதது கணிப்பு. இல்லாதது எது என்பதைப் பத்திதான் சொல்ல வேண்டும், இந்தப் பத்தி அதை இரண்டு இடங்களில் சொல்கிறது.

முதலாவது, ‘அந்த ஆண்டு மட்டும்’ என்பதில் உள்ள ‘மட்டும்’. மற்ற ஆண்டுகளில் நடந்ததற்கு மாறான ஒன்று வரப்போகிறது என்பதை அந்தச் சிறு சொல் காட்டிக்கொடுக்கிறது; மற்ற ஆண்டுகளில் அவர் கணிப்பதில் கரை கண்டவர் என்றால், இதற்கு மாறானது கணிக்க இயலாமைதானே தவிர உதவ மறுப்பது அன்று. இரண்டாவது, அதை அடுத்து வரும் வாக்கியம். ‘வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை’ என்பது, கையை விரித்ததையே ஆசிரியர் வேறு சொற்களில் விரித்துச் சொன்னதாகும்.

தொடர் இருந்த இடத்தில் ஒவ்வொரு விடையையும் பொருத்திப் பார்க்கும்படி பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். நல்ல வழிதான், ஆனால் அந்த ஒரு வாக்கியத்தோடு நின்றுவிட்டால் அது ஏமாற்றும். ‘வானத்தைப் பார்த்து இறைவனை வேண்டினார்’ என்பது எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது, பாருங்கள்! அடுத்த வாக்கியத்தையும் சேர்த்து வாசித்தால்தான் அது இடறுகிறது. பத்தி ‘விரித்துவிட்டார்’ என்பதோடு முடிந்திருந்தால், கேள்வியே பிழையானது என்று சொல்லியிருப்பேன்.

ஒன்றை மட்டும் தங்கள் மகளிடம் சொல்லுங்கள். கார், பிசானம் என்று இரு போகமும் பார்த்து வளர்ந்த தாமிரபரணிக் கரைப் பிள்ளைகள், இத்தகைய பத்தியைக் கண்டதும் தங்களுக்குத் தெரிந்த கதையைப் படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ‘கார்’ என்பதை மேகம் என்று எண்ணும் வெளியூர்த் தேர்வர் ஒவ்வொரு சொல்லாக நின்று படிப்பார். ஊர்க்காரருக்கு இங்கே ஆதாயம் இருப்பதுபோல் தோன்றும், ஆனால் பெரும்பாலும் இருப்பதில்லை.

கேள்வி: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்கு வந்த பத்தி இது: “குடமுழுக்குப் பணிக்காகச் சாரம் கட்டிய தொழிலாளர்கள், மழை வலுத்ததும் இறங்கிவிட்டார்கள். மறுநாள் சாரத்தைப் பிரித்து மூங்கில்களை லாரியில் ஏற்றினார்கள்.” சாரம் கட்டிய தொழிலாளர்கள் என்றால் கைலி உடுத்திய தொழிலாளர்கள் என்று அவன் எழுதிவிட்டான். எங்கள் ஊரில் சாரம் என்றால் கைலிதான். மதிப்பெண் போயிற்று. எங்கள் பேச்சு தவறா?
– ஒரு வாசகர், மேலப்பாளையம்

பதில்: பேச்சு தவறன்று. நெல்லையிலும் குமரியிலும் கைலிக்குச் சாரம் என்ற பெயர் நெடுநாள் வழக்கு. முதல் வாக்கியத்தை மட்டும் படித்தால் தங்கள் மகன் எழுதியதும் பொருந்தும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கைலியையும் கட்டலாம், கோபுரத்தைச் சுற்றி மூங்கில் சாரத்தையும் கட்டலாம் அல்லவா?

பல பொருள் தரும் ஒரு சொல் ஓரிடத்தில் எந்தப் பொருளைத் தருகிறது என்பதை வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியலாம் என்று தொல்காப்பியக் கிளவியாக்கம் சொல்கிறது. ‘மா’ என்பது மாமரத்தையும் குறிக்கும், குதிரையையும் குறிக்கும். ‘மா பூத்தது’ என்றால் அது குதிரையாக இருக்க முடியாது, வினை காட்டிக்கொடுத்துவிட்டது. தங்கள் மகனின் பத்தியில் ‘கட்டிய’ என்ற வினை உதவவில்லை, ஆனால் ‘பிரித்து’ என்ற வினை உதவுகிறது. கைலியை அவிழ்ப்போம், பிரிக்க மாட்டோம். உடன் வந்த மூங்கில் இனம் காட்டுகிறது. குடமுழுக்குப் பணி சார்பு. மூன்று சாட்சிகளும் ஒன்றுபோல் சொல்லும்போது ஊர்வழக்கைச் சற்று ஒதுக்கிவைக்கலாம். வீட்டில் கைலியைச் சாரம் என்றே அவன் சொல்லட்டும்; திருத்த வேண்டாம்.

கேள்வி: பத்தியை முதலில் படிப்பதா, கேள்வியை முதலில் படிப்பதா?
– ஒரு தேர்வர், பாளையங்கோட்டை

பதில்: கேள்வியை. ஆனால் அதன் கீழுள்ள விடைகளை அப்போது பார்க்க வேண்டாம். குரூப் 4 தேர்வில் 3 மணி நேரத்தில் 200 வினாக்கள் என்பதால் ஒரு வினாவுக்கு 54 விநாடிகள்தான் கிடைக்கின்றன. எந்தத் தொடரின் பொருளைக் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு பத்திக்குள் நுழைந்தால், அந்தத் தொடருக்கு முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களில் கண் தானாக நிற்கும். அங்கே பென்சிலால் ஒரு கோடு இட்டு, பொருளைத் தங்கள் சொல்லில் மனத்துக்குள் சொல்லிப் பார்த்த பிறகு விடைகளுக்கு வாருங்கள். விடைகளை முதலில் பார்த்தவர்களுக்கு நான்குமே சரியாகத் தோன்றும்.